புதைக்கப்படாத லீஜியன்: அமானுஷ்ய ரோமில் ஒரு ஸ்கர்மிஷ் விளையாட்டை அமைக்க முழுமையான வழிகாட்டி

மேசை மேல் மினியேச்சர் வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா வைத்து நகர்த்தி ஆடுவதுதான் வார்கேமிங். அதில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து உருவங்களோடு முடிந்துவிடும் சிறிய வகைக்கு ஸ்கர்மிஷ் என்று பெயர். ஒவ்வொரு உருவமும் ஒரு தனி மனிதர். யார் விழுந்தார், யார் ஓடினார், யார் திரும்பி வந்து நண்பனைத் தூக்கினார் என்பதெல்லாம் கணக்கில் வரும். அதனால்தான் பேய்க்கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வடிவம் எனக்குத் தெரியவில்லை. பெரும்படை பயப்படுவதைக் காட்டுவது கடினம். எட்டுப் பேர் பயப்படுவதை நன்றாகவே காட்டலாம்.

பழைய ரோமில் மாயத்தைக் கலக்கும்போது பலரும் செய்வது, லீஜியன் (ரோமப் படையின் பெரும் பிரிவு) வீரர்களுக்கு எதிரே எங்கிருந்தோ எடுத்த பூதங்களை நிறுத்துவது. அது வேண்டாம். ரோமானியர்களுக்கே சொந்தமான பயங்கள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றுக்குச் சொந்தமான பரிகாரங்களும் இருக்கின்றன. எதைக் கண்டு பயந்தார்கள், அதற்கு என்ன செய்தார்கள் என்ற இரண்டையும் விதியாக மாற்றினால் போதும், விளையாட்டு தானாகவே ரோமானியமாகிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே வழியில்தான் போகிறது.

படி 1: ஓர் இடம், ஓர் ஆண்டு

"பழைய ரோம்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எதுவும் பிடிபடாது. நான் தேர்ந்தெடுத்தது கி.பி. 15, ஜெர்மானியச் சதுப்பு நிலம்.

பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள். கி.பி. 9-இல் வாரஸ் என்ற ரோமானிய ஆளுநர் 17, 18, 19 என்ற மூன்று லீஜியன்களோடு டியூட்டோபர்க் காட்டில் சிக்கினார். சிக்கவைத்தவர் ஆர்மினியஸ். செரூஸ்கி என்ற ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்தவர், ரோமப் படையிலேயே பணியாற்றிக் குடியுரிமை பெற்றவர். மூன்று லீஜியன்களும் அழிந்தன. வாரஸ் தற்கொலை செய்துகொண்டார். அந்த மூன்று எண்களையும் ரோம் அதன்பின் எந்த லீஜியனுக்கும் வைக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து ஜெர்மானிக்கஸ் என்ற ரோமானியத் தளபதி தன் படையோடு அந்த இடத்துக்குப் போனார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அந்தக் காட்சியை விவரிக்கிறார்: வெளுத்த எலும்புகள், ஓடிய இடத்தில் சிதறியும் எதிர்த்து நின்ற இடத்தில் குவிந்தும் கிடக்கின்றன. மரங்களில் மண்டை ஓடுகள் அறையப்பட்டிருக்கின்றன. பக்கத்துத் தோப்புகளில் அதிகாரிகளைப் பலிகொடுத்த பலிபீடங்கள். வீரர்கள் தங்கள் உறவினரின் எலும்பா அந்நியரின் எலும்பா என்று தெரியாமலே எல்லாவற்றையும் புதைக்கிறார்கள். ஜெர்மனியின் ஓஸ்னாபுரூக் அருகே கல்க்ரீசே என்ற இடத்தில் 1987 முதல் நடந்த ஆய்வுகளில் இப்படிப் பிற்பாடு சேர்த்துப் புதைத்த எலும்புக் குழிகள் கிடைத்திருக்கின்றன.

திரும்பும் வழியில் கைக்கினா என்ற தளபதி, நாற்பது ஆண்டு படையில் இருந்தவர், நான்கு லீஜியன்களோடு சதுப்பின் குறுக்கே போடப்பட்ட பழைய மரப்பாதை வழியாக வருகிறார். இரவில் ஒரு கனவு. வாரஸ் ரத்தம் பூசிய உடலோடு சேற்றிலிருந்து எழுந்து அவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டுகிறார். கைக்கினா போகவில்லை, நீட்டிய கையைத் தள்ளிவிடுகிறார். இதற்கு மேல் நாம் என்ன கற்பனை செய்ய வேண்டும்? அந்தக் கனவு நனவாக இருந்திருந்தால் என்பதுதான் நம் விளையாட்டு.

படி 2: மேசை

மூன்றடிக்கு மூன்றடி போதும். நடுவில் ஓரத்திலிருந்து ஓரம் வரை மரப்பாதை, அகலம் நான்கு அங்குலம். இருபுறமும் சதுப்பு. ஒரு பக்க ஓரத்தில் ஏறுமுகமான காடு, அதற்குள் ஒரு பலிபீடம்.

மரப்பாதைக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைக் குறுக்காக அடுக்கி ஒட்டுங்கள். ஒன்றிரண்டை உடைத்து, இடைவெளி விட்டு ஒட்டினால்தான் பழைய பாதை போலத் தெரியும். சதுப்புக்குத் தடித்த அட்டையை ஒழுங்கில்லாத வடிவங்களில் வெட்டி, ஃபெவிகால் தடவி, காயவைத்த டீத்தூள் சக்கையைத் தூவுங்கள். காய்ந்ததும் அடர்பழுப்பு அடித்து, பள்ளமான இடங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கை கொடுத்தால் தண்ணீர் தேங்கி நிற்பது போல இருக்கும். நாணல் புல்லுக்குத் தேங்காய் நார். சிறு கொத்தாகக் கட்டி நட்டு, மேல் முனையைக் கத்தரித்துவிடுங்கள். மரங்களில் மண்டை ஓடுகளுக்கு வெள்ளை மணிகள் போதும்.

படி 3: உருவங்கள்

28 மில்லிமீட்டர் அளவு இந்த வகைக்குப் பொதுவானது. விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் கேம்ஸ் இரண்டு நிறுவனங்களும் அந்தக் காலத்து ரோமானிய வீரர்களைப் பிளாஸ்டிக்கில் தருகின்றன. ஒரு பெட்டி வாங்கினால் உயிரோடிருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் சேர்த்தே சரியாகப் போகும். செலவைக் குறைக்க 1/72 அளவுக்குப் போகலாம். அதுவும் முடியாவிட்டால் தடித்த தாளில் அச்சடித்து மடித்து நிற்கவைக்கும் காகித உருவங்கள். விதிகள் எதுவும் மாறாது. அடித்தளத்துக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 25 மில்லிமீட்டர் இரும்பு வாஷர் நல்லது. எடை இருப்பதால் உருவம் சாயாது.

வண்ணத்தில் ஒரு விஷயத்தை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். இறந்த லீஜியனுக்குப் பச்சை அடிக்காதீர்கள். வட ஐரோப்பியச் சதுப்புகளில் பல நூற்றாண்டு கிடந்த உடல்கள் தோலோடு கிடைத்திருக்கின்றன. அந்த மண்ணின் அமிலத்தால் தோல் பதப்படுத்திய செருப்புத் தோலின் நிறத்துக்கு வந்துவிடுகிறது, முடி செம்பட்டையாகிறது. ஆகவே சேற்றிலிருந்து எழுபவர்களுக்கு அடர்பழுப்பு, மேலே கொஞ்சம் பளபளப்பு. மேட்டில் கிடந்தவர்களுக்கு வெளுத்த எலும்பு. இரண்டு வகையும் கலந்து நின்றால் யார் எங்கே செத்தார் என்று உருவத்தைப் பார்த்தே தெரியும். இறந்தோரின் தலைவனுக்கு முகமூடி வையுங்கள். கல்க்ரீசேயில் கிடைத்த குதிரைவீரர் முகமூடியின் படத்தைத் தேடிப் பார்த்தால் ஏன் என்று புரியும். இரும்பு முகம், கண் இருந்த இடத்தில் வெறும் துளை.

படி 4: இரண்டு அணிகளும் இறந்தவர்களும்

ஒவ்வொரு உருவத்துக்கும் நான்கு எண்கள்: நடை (அங்குலத்தில்), சண்டை, கவசம் (ஆறுமுகப் பகடையில் இந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் தப்பிக்கலாம்), மனத்திடம்.

ரோமானியர், 8 பேர்
செஞ்சூரியன் (வீரர் பிரிவின் தலைவர்): நடை 5, சண்டை 4, கவசம் 3, மனத்திடம் 9
கொடியேந்தி: 5, 3, 4, 8
பலியிட்ட விலங்கின் ஈரல் பார்த்துக் குறி சொல்பவர்: 5, 1, 6, 8
வீரர்கள் ஐவர்: 5, 3, 4, 7

செரூஸ்கி, 10 பேர்
தலைவன்: நடை 6, சண்டை 4, கவசம் 5, மனத்திடம் 8
குறிகாரி: 6, 1, கவசம் இல்லை, 9
போர்வீரர்கள் எண்மர்: 6, 3, 6, 6

இறந்தோர், 6 பேர், யாருடைய அணியிலும் இல்லை
நடை 4, சண்டை 3, கவசம் 5. மனத்திடம் கிடையாது, அவர்களுக்கு இனிப் பயப்பட எதுவும் இல்லை.

படி 5: யார் எப்போது நகர்வது

ஒரு துணிப்பையில் நான்கு சிவப்புப் பொத்தான், ஐந்து பச்சைப் பொத்தான், ஒரு கறுப்புப் பொத்தான் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ரோமானியரில் இரண்டு பேர், பச்சை வந்தால் செரூஸ்கிகளில் இரண்டு பேர் செயல்படுவார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு செயல்: நடப்பது, எறிவது, தூக்குவது போன்றவை. கறுப்பு வந்தால் இறந்தோர் எல்லாரும் எழுந்து, மிக அருகில் மூச்சுவிடும் ஆளை நோக்கி இருமுறை நடப்பார்கள், ரோமானியனா ஜெர்மானியனா என்று பார்க்க மாட்டார்கள். பை காலியானால் ஒரு சுற்று முடிந்தது. மொத்தம் எட்டுச் சுற்று.

கறுப்புப் பொத்தான் எப்போது வரும் என்று தெரியாததுதான் இந்த விளையாட்டின் உயிர். ஒரு சுற்றின் கடைசியிலும் அடுத்த சுற்றின் தொடக்கத்திலும் அது வந்தால் இறந்தோர் அடுத்தடுத்து இரண்டு முறை வருவார்கள். அந்த அச்சத்தோடுதான் ஒவ்வொரு முறையும் கையைப் பைக்குள் விடுவீர்கள்.

படி 6: சண்டை

உருவங்கள் தொட்டுக்கொண்டால் இருவரும் ஒரு பகடை உருட்டிச் சண்டை எண்ணைக் கூட்டுங்கள். கூடுதல் பெற்றவர் வெட்டுகிறார், மற்றவர் கவசத்துக்கு உருட்டுகிறார், தவறினால் விழுகிறார். சமமானால் கேடயமும் கேடயமும் மோதி நிற்கின்றன, ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு புள்ளி என்ன செய்யும் என்று பாருங்கள்: இருவரும் சமம் என்றால் வெல்லும் வாய்ப்பு 42 சதவீதம், ஒரு புள்ளி கூடினால் 58, இரண்டு கூடினால் 72.

அந்தப் புள்ளிகளை எங்கே கொடுப்பது என்பதற்கு டாசிட்டஸே வழிகாட்டுகிறார். சதுப்பில் ரோமானியருக்குக் கால் ஊன்ற இடமில்லை, கவசத்தின் எடை அழுத்துகிறது, தண்ணீருக்குள் நின்று ஈட்டி எறிய முடியவில்லை. செரூஸ்கிகளோ சேற்றில் சண்டையிட்டுப் பழகியவர்கள், நீண்ட ஈட்டிகளால் தூரத்திலிருந்தே குத்துகிறார்கள் என்கிறார். ஆகவே:

பக்கத்தில் தோழர் ஒட்டி நின்றால், உலர்ந்த தரையில், ரோமானியருக்கு +1. சதுப்பில் அவர்களுக்கு நடை பாதி, சண்டை −1, ஈட்டி எறிய முடியாது. செரூஸ்கிகளுக்குச் சதுப்பு ஒரு பொருட்டில்லை, பாய்ந்து வந்து மோதும் முதல் மோதலில் +1. இறந்தோரும் சேற்றில் தடையின்றி நடப்பார்கள்.

மரப்பாதையில் வரிசையாக நிற்கும் ரோமானிய வீரனும் பாய்ந்துவரும் செரூஸ்கியும் 4-க்கு 4. முதல் மோதலைத் தாக்குப்பிடித்துவிட்டால் அடுத்து 4-க்கு 3, ரோமானியன் கை ஓங்கும். அதே வீரன் சேற்றில் இறங்கினால் 2-க்கு 4. எங்கே நிற்பது என்பதே பாதி வெற்றி.

பைலம் என்ற எறியீட்டி ஒவ்வொரு ரோமானிய வீரனுக்கும் ஒன்றுதான். ஆறு அங்குலத்துக்குள், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பட்டது. பட்டவர் கவசத்தால் தப்பினாலும் அந்தச் சுற்று முழுக்கச் சண்டை −1, ஏனென்றால் கேடயத்தில் குத்தி நிற்கும் பைலத்தைச் சட்டென்று பிடுங்க முடியாது.

படி 7: பயம்

இறந்தவரைத் தொடும் முன்னும், இறந்தவர் வந்து தொடும்போதும், உயிருள்ளவர் இரண்டு பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். மனத்திடமோ அதற்குக் குறைவோ வந்தால் நிற்கலாம். தாண்டினால் முழு நடை தூரம் நேர் எதிர்ப்பக்கம் ஓட்டம், மிச்சமுள்ள செயல் போச்சு.

இங்கே இரண்டு பகடை வைப்பதற்குக் காரணம் உண்டு. மனத்திடம் 9 என்றால் 83 சதவீதம் நிற்பார், 8 என்றால் 72, 7 என்றால் 58, 6 என்றால் 42. நடுவில் ஒவ்வொரு எண்ணும் பலமாகக் கடிக்கும். எனவே சின்ன உதவிகள்கூடப் பெரிதாகும்: தோழர் ஒருவர் ஒட்டி நின்றால் +1, செஞ்சூரியன் ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் அவருடைய 9-ஐயே மற்றவர்களும் பயன்படுத்தலாம். குறிகாரி அருகில் இருந்தால் செரூஸ்கிகளுக்கு +1. அவள் ஒரு செயலைச் செலவிட்டு, மனத்திடத் தேர்வில் தேறினால், ஆறு அங்குலத்துக்குள் உள்ள ஓர் இறந்தவரை அவள் காட்டும் திசைக்குத் திருப்பிவிடலாம்.

படி 8: ரோமானியப் பரிகாரங்கள்

இதுதான் வழிகாட்டியின் மையம், நிதானமாகப் படியுங்கள்.

மண் போடுதல். புதைக்கப்படாதவர் அமைதியடையமாட்டார் என்பது ரோமானியரின் ஆழமான நம்பிக்கை. முறையாகப் புதைக்க வழியில்லாவிட்டால் மூன்று கைப்பிடி மண் போட்டாலும் போதும் என்பார்கள். விதி: விழுந்து கிடக்கும் இறந்தவரைத் தொட்டபடி ஒரு ரோமானியர் தன் இரண்டு செயலையும் செலவிட்டு மண் போட்டால், அந்த உருவத்தை மேசையிலிருந்து எடுத்துவிடலாம். போடாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பகடை; 4 அல்லது அதற்கு மேல் வந்தால் எழுந்துவிடுவார். இரண்டு சுற்று விட்டால் எழும் வாய்ப்பு 75 சதவீதம். வெட்டுவதால் பயனில்லை, புதைத்தால்தான் தீரும். சண்டை நடக்கும் இடத்தில் ஒருவர் குனிந்து மண் அள்ள வேண்டும், அவரை மற்ற இருவர் காக்க வேண்டும். இந்த ஒரு விதி வந்ததும் ஆட்டத்தின் குணமே மாறிவிடும்.

புரோகிதத் தீட்டு. ஜெர்மானிக்கஸ் அந்த எலும்புகளுக்கு முதல் மண்ணைத் தன் கையால் போட்டார். டைபீரியஸ் சக்கரவர்த்திக்கு அது பிடிக்கவில்லை, ஜெர்மானிக்கஸ் சகுனம் பார்க்கும் புரோகிதப் பதவியும் வகித்ததால் பிணத்தைத் தொட்டிருக்கக் கூடாது என்று எண்ணியதாக ஒரு செய்தி உண்டு. விதி: குறி சொல்பவர் மண் போட்டால் வேலை செய்யும், ஆனால் அடுத்த சுற்றிலிருந்து பையில் ஒரு கறுப்புப் பொத்தான் கூடும்.

கறுப்பு அவரை. மே 9, 11, 13 இரவுகளில் ரோமில் லெமூரியா என்ற சடங்கு. வீட்டுத் தலைவர் நள்ளிரவில் வெறுங்காலோடு எழுந்து, கை கழுவி, கறுப்பு அவரை விதைகளைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்தபடி, இவற்றால் என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன் என்று ஒன்பது முறை சொல்வார். பின்னால் வரும் ஆவி அந்த விதைகளைப் பொறுக்கும். நம் வீட்டில் கறுப்புக் காராமணி இருந்தால் ஒன்பதை எடுத்து ரோமானியர் பக்கம் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். மூன்றைச் செலவிட்டு ஒருவர் இறந்தவரிடமிருந்து விலகி நடக்கலாம். விதைகளை அவர் நின்ற இடத்தில் வையுங்கள். துரத்தும் இறந்தவர் விதைகள் வரை வந்து அந்தச் சுற்று முழுக்க அங்கேயே நிற்பார். ஆனால் எறிந்தவர் அந்தச் சுற்றில் திரும்பக் கூடாது, சண்டையும் இல்லை.

கோழிச் சகுனம். படையோடு புனிதக் கோழிகள் போகும், தீனியை ஆவலாகத் தின்றால் நல்ல சகுனம். கி.மு. 249-இல் டிரெப்பனா கடற்போருக்கு முன் கோழிகள் தின்ன மறுத்தபோது, தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று தளபதி அவற்றைக் கடலில் எறிந்ததாகவும் அன்று படுதோல்வி அடைந்ததாகவும் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன் ரோமானிய ஆட்டக்காரர் ஒரு பகடை உருட்டட்டும். 1 அல்லது 2 என்றால் கோழி தின்னவில்லை. காத்திருந்து மறுபடி பார்க்கலாம், அதற்கு ஒரு சுற்று நேரம் குறையும். அல்லது பொருட்படுத்தாமல் கிளம்பலாம், பையில் கறுப்புப் பொத்தான் ஒன்று கூடும்.

ஈரல். குறி சொல்பவர் ஆட்டத்தில் ஒரே முறை, பையிலிருந்து மூன்று பொத்தான்களை எடுத்துப் பார்த்து, எந்த வரிசையில் வர வேண்டும் என்று முடிவுசெய்து மேசையில் அடுக்கலாம்.

சாபத் தகடு. ஈயத் தகட்டில் எதிரியின் பெயரைக் கீறி, மடித்து, ஆணி அறைந்து, கல்லறையிலோ ஊற்றிலோ போடுவார்கள். இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் சுமார் 130 தகடுகள் கிடைத்தன, பெரும்பாலும் திருடனைப் பற்றிய புகார்கள். ஜெர்மானிக்கஸ் கி.பி. 19-இல் இறக்கும் தறுவாயில் அவர் வீட்டுச் சுவரிலும் தரையிலும் மனித எச்சங்களும் அவர் பெயர் கீறிய ஈயத் தகடுகளும் கிடைத்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார். அதன் நிழலை இப்போதே கொண்டுவரலாம்: இருவரும் ஆட்டத்துக்கு முன் எதிரணியில் ஒருவரின் பெயரைத் தாளில் எழுதி, மடித்து, குண்டூசி குத்தி ஓரமாக வையுங்கள். ஆட்டத்தில் ஒரு முறை அதைத் திறந்து, அந்த ஆள் உருட்டிய ஒரு பகடையை மறுபடி உருட்டச் சொல்லலாம். இதற்காகவே எல்லா உருவங்களுக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கும், அது நல்லதுதான்.

படி 9: வாரஸ்

மூன்றாம் சுற்றின் முடிவில் சதுப்பின் நடுவே வாரஸ் எழுகிறார். அவர் நகரமாட்டார், வெட்டமாட்டார். கூப்பிடுவார். ஒவ்வொரு முறை கறுப்புப் பொத்தான் வரும்போதும் அவருக்கு ஒன்பது அங்குலத்துக்குள் உள்ள ரோமானியர் ஒவ்வொருவரும் மனத்திடத் தேர்வு செய்ய வேண்டும். இங்கே செஞ்சூரியன் உதவ முடியாது, அழைப்பு தனித்தனியாகத்தான் காதில் விழும். தோற்றவர் மூன்று அங்குலம் அவரை நோக்கி நடப்பார். அவரைத் தொட்டுவிட்டால் அந்த உருவம் சேற்றுக்குள் போய்விட்டது. யாராவது தேவையான எண்ணுக்கு மூன்று குறைவாக உருட்டினால் கையைத் தள்ளிவிட்டார் என்று பொருள், அன்றைய ஆட்டம் முடியும்வரை வாரஸ் மறுபடி எழமாட்டார். அவரை ஆயுதத்தால் தொட விதி வைக்கவே வேண்டாம்.

படி 10: எதற்காக ஆடுகிறோம்

வாரஸோடு மூன்று லீஜியன்களின் கழுகுச் சின்னங்களும் எதிரி கைக்குப் போயின. பத்தொன்பதாம் லீஜியனுடையது கி.பி. 15-இல் கிடைத்துவிட்டது. இன்னொன்று அடுத்த ஆண்டில், மூன்றாவது கி.பி. 41-இல்தான். ஆகவே நம் ஆட்டத்தின்போது இரண்டு கழுகுகள் காணவில்லை. ஒன்றைப் பலிபீடத்தில் வையுங்கள். ரோமானியர் மேசையின் ஒரு முனையில் மரப்பாதை மேல் தொடங்குகிறார்கள், செரூஸ்கிகள் காட்டோரத்தில், இறந்தோர் சதுப்பில் பரவலாக.

கழுகோடு மறுமுனை வழியாக வெளியேறினால் ரோமானியருக்கு 5 புள்ளி, புதைத்த ஒவ்வொரு இறந்தவருக்கும் 1. செரூஸ்கிகளுக்கு விழுந்த ஒவ்வொரு ரோமானியருக்கும் 1, செஞ்சூரியனை வீழ்த்திப் பலிபீடம் வரை இழுத்துப் போனால் 4. கழுகைத் தூக்குபவருக்குச் சண்டை −1, இறந்தோர் எல்லாரும் அந்தக் கணம் முதல் மற்றவரை விட்டு அவரை நோக்கித்தான் வருவார்கள். அது அவர்களுடைய கழுகு.

படி 11: தொடர் ஆட்டம்

ஒரே ஆட்டத்தோடு நிறுத்தாதீர்கள், மூன்று நான்கு ஆட்டங்களாகத் தொடருங்கள். விழுந்த ஒவ்வொருவருக்கும் ஆட்டம் முடிந்ததும் ஒரு பகடை: 1, 2 என்றால் மரணம், 3 என்றால் அடுத்த ஆட்டம் இல்லை, 4 அல்லது அதற்கு மேல் என்றால் நலம். மரணமடைந்த ரோமானியருக்கு ஆட்டத்தின்போது யாராவது மண் போட்டிருந்தால் அவர் கதை அங்கே முடிகிறது. போடாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவர் இறந்தோரில் ஒருவர். அதே பெயர், அதே எண்கள், அதே உருவத்துக்குப் பழுப்பு அடித்து நிறுத்துங்கள். அவரைத் தொட வேண்டிய பழைய தோழர்களுக்கு மனத்திடம் −1.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புதுச் சூழல் வையுங்கள். முதலாவது பகல். இரண்டாவது இரவு, எல்லாருக்கும் மனத்திடம் −1. மூன்றாவதை முகாமுக்குள் வையுங்கள்: கைக்கினாவின் முகாமில் கட்டவிழ்ந்த ஒரு குதிரை ஓடியதில், எதிரி நுழைந்துவிட்டான் என்று வீரர்கள் வாசலை நோக்கி ஓடினார்கள், சொல்லிப் பார்த்தும் கேட்காததால் அவர் வாசலின் குறுக்கே படுத்துவிட்டார், அவரை மிதித்துப் போக யாருக்கும் மனம் வரவில்லை. விதியாக எழுதினால்: கறுப்புப் பொத்தான் வந்தால் முதலில் குதிரை ஓடும், அது கடக்கும் ஒவ்வொரு ரோமானியரும் மனத்திடத் தேர்வு, செஞ்சூரியன் வாசலில் படுத்தால் ஓடுபவர்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள், ஆனால் படுத்திருக்கும்வரை அவர் சண்டையிட முடியாது.

சதுப்பு சலித்துவிட்டால் இதே விதிகளோடு வேறு இடத்துக்குப் போகலாம். கி.மு. 256 வாக்கில் ஆப்பிரிக்காவின் பக்ராடாஸ் ஆற்றங்கரையில் ரோமானியத் தளபதி ரெகுலஸின் படையை மறித்ததாகச் சொல்லப்படும் 120 அடிப் பாம்பு, அதைக் கல்லெறி பொறிகளால்தான் கொல்ல முடிந்ததாம். அல்லது ரோம் நகருக்குள்ளேயே, ஆண்டில் மூன்று நாள், ஆகஸ்ட் 24, அக்டோபர் 5, நவம்பர் 8-இல் கீழுலகின் வாயாகத் திறக்கப்பட்ட முண்டஸ் என்ற குழி. பாம்பு தரும் பயம் பெரிது, அதற்குப் பரிகாரம் இல்லை, அதனால் பொறியை இழுத்துவரும் ஆட்டமாக அமையுங்கள். குழிக்கு நேரம்தான் எல்லாம், மூடும் கல்லை யார் எப்போது உருட்டுவது என்பதையே புள்ளியாக்குங்கள்.

முதல் ஆட்டத்தில் மட்டும் ரோமானியர் ஐவர், செரூஸ்கிகள் அறுவர், இறந்தோர் மூவர் என்று வைத்து, சாபத் தகட்டையும் ஈரலையும் விட்டுவிடுங்கள். சிவப்புப் பொத்தானும் பச்சைப் பொத்தானும் மும்மூன்று போதும். மண் போடுவதும் காராமணியும் கையில் பழகியபின் மற்றவற்றைச் சேர்க்கலாம்.